நூற்றில் என் இடது காலின் பங்கு

என் இடது கால் ஒருநாளும் வலித்ததில்லை. இதைப் படிப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். வலித்திருந்தால் எல்லாரையும் போல நானும் தைலம் தேய்த்து, மாத்திரை விழுங்கி, அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவரிடம் போயிருப்பேன். வலியே இல்லாமல் ஒரு கால் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போகும்போது அதைக் கண்டுபிடிப்பது கடினம். எனக்கு அது எப்படித் தெரிந்தது, அதன்பிறகு என்ன ஆயிற்று என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

என் பெயர் தமிழ்ச்செல்வி. கடலூர் செம்மண்டலத்தில் குடியிருக்கிறேன். அரசு நில அளவர் வேலை. போகிற ஊர்களில் சர்வேயரம்மா என்பார்கள். கணவர் இளங்கோ ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். மகள் நிவேதா கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நாற்பதைத் தாண்டியதும் எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று சொன்னார்கள். மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் தம்பி குமரன் விட்டுச்சென்ற சைக்கிள் வீட்டில் சும்மா நின்றது. அதை எடுத்து ஓட்டத் தொடங்கினேன். பிறகு அது பழக்கமாகி, பழக்கம் பித்தாகி, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாகச் சிதம்பரம் போய்த் திரும்புகிற அளவுக்கு வந்துவிட்டது. பி.முட்லூரில் நசீர் பாய் சேர்ந்துகொள்வார். பரங்கிப்பேட்டையில் செல்போன் கடை வைத்திருப்பவர். அவருக்கும் சர்க்கரைதான் காரணம். வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டி, கீழவீதியில் டீ குடித்துவிட்டுத் திரும்புவோம்.

அடுத்த விடுமுறையில் வந்த குமரன் எனக்கு ஒரு ஜோடி பெடல் கொண்டுவந்தான். சக்தி அளக்கும் பெடல். பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் உணர்கருவி, கால் எவ்வளவு அழுத்துகிறது, எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதைக் கணக்கிட்டு, கைப்பிடியில் உள்ள சின்னத் திரைக்கு வாட் கணக்கில் அனுப்பும். பல்புக்குச் சொல்வோமே, அதே வாட்தான். இரண்டு பெடலிலும் தனித்தனிக் கருவி இருப்பதால், மொத்த உழைப்பில் இடது காலின் பங்கு எவ்வளவு, வலது காலின் பங்கு எவ்வளவு என்றும் திரையில் தெரியும். 50-50 என்று வந்தால் சரிசமம்.

"சரிசமமா யாருக்கும் வராதுக்கா," என்றான் குமரன். "48-52 அப்டி இப்டிதான் இருக்கும். எந்தக் கைல எழுதறமோ அதுமாதிரி காலுக்கும் ஒரு பக்கம் உண்டு. மெதுவா போனா ஒண்ணு காட்டும், அழுத்தி மிதிச்சா ஒண்ணு காட்டும். அதப் பாத்து பயப்படாத."

நான் பயப்படவில்லை. தொடக்கத்தில் எனக்கு 49-51 வந்தது. சில மாதங்களில் 47-53 ஆயிற்று. வலது கால் வலுக்கிறது என்று உள்ளூர மகிழ்ச்சிகூடப் பட்டேன். அது எவ்வளவு தவறான வாசிப்பு என்று பிறகுதான் புரிந்தது. திரையில் வருவது விகிதம். இரண்டும் சேர்ந்து எப்போதும் நூறு. இடது குறைந்தால், வலது எதுவும் செய்யாமலே கூடியதாகக் காட்டும். எந்தக் கால் ஏறியது, எந்தக் கால் இறங்கியது என்று அந்த விகிதம் சொல்லாது. அதற்கு மொத்த வாட்டையும் பார்க்க வேண்டும். என் மொத்தம் குறைந்துகொண்டிருந்தது. அதற்கு நான் காற்றைக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடலோரச் சாலையில் எதிர்காற்றுக்குப் பஞ்சமில்லை.

44-56 வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு உறுத்தியது. எங்கள் வேலையில் ஒரு அளவு பொருந்தவில்லை என்றால் முதலில் கருவியைச் சோதிப்போம், பிறகுதான் நிலத்தை. அதன்படி பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, அளவைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்தேன். மின்கலம் மாற்றினேன். இருக்கையின் உயரத்தை ஏற்றி இறக்கினேன். ஒன்றும் மாறவில்லை. பி.முட்லூரில் மரத்தடியில் நிறுத்தி, நசீர் பாய் தன் சைக்கிளில் அந்தப் பெடலை மாட்டிச் சிதம்பரம்வரை ஓட்டினார். அவருக்கு 51-49. திரும்ப என் சைக்கிளில் மாட்டினேன். எனக்கு 44-56.

"பெடலு பொய் சொல்லல தங்கச்சி," என்றார் அவர். "எதுக்கும் டாக்டரப் பாத்துடுங்க."

"வலி ஒண்ணும் இல்லியே பாய்."

"வலி இல்லாட்டி டாக்டர் பாக்கக் கூடாதுன்னு எதுனா சட்டமா?"

மஞ்சக்குப்பத்தில் ஒரு எலும்பு மருத்துவரிடம் போனேன். காத்திருந்த இடத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள், இடுப்புப் பட்டை கட்டியவர்கள், மாவுக்கட்டுப் போட்டவர்கள். காலில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தது நான் மட்டும்தான். பக்கத்தில் இருந்தவர் "ஒங்களுக்கு எங்க?" என்று கேட்டார். "செக்கப்பு" என்றேன்.

மருத்துவர் நல்லவர். கைப்பேசியில் நான் காட்டிய வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தார். "மேடம், மெஷின ஜாஸ்தி நம்பாதீங்க. நாப்பது வயசுக்கு மேல நடுமுதுகு, கீழ்முதுகு எல்லாருக்கும் தேயும்." கீழ்முதுகை எக்ஸ்ரே எடுத்தார். தேய்மானம் இருந்தது. அடுத்த தடவை கீழ்முதுகுக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார். இரண்டு எலும்புக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற வட்டு லேசாகப் பிதுங்கியிருந்தது. அதுவும் வயதுக்கு உரியதுதான் என்றார். இடது தொடை வலுப்பெற உடற்பயிற்சி எழுதிக் கொடுத்தார்.

பயிற்சியை ஒழுங்காகச் செய்தேன். இடது காலில் மணல்பை கட்டித் தூக்குவேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எழுவேன். பயிற்சி கூடக் கூட எண் இறங்கியது. 42. பிறகு 41. வலுவூட்டினால் ஏற வேண்டிய எண் இறங்குகிறதென்றால் கோளாறு தசையில் இல்லை என்பது எனக்கே விளங்கியது. ஆனால் அதை யாரிடம் எப்படிச் சொல்வது?

அதற்குள் வேறு சிலவும் சேர்ந்தன. வாசலில் இடது செருப்பு மட்டும் கழன்று பின்னால் கிடக்கும். நான் இரண்டடி தள்ளிப் போனபிறகுதான் தெரியும். ஒரு கிராமத்தில் அளவெடுக்கப் போனபோது வரப்பிலிருந்து சேற்றில் விழுந்தேன். வழுக்கிவிட்டது என்றேன். வரப்பு காய்ந்திருந்ததை அங்கே நின்ற எல்லாரும் பார்த்தார்கள். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இளங்கோவிடம் செருப்பைப் பற்றிச் சொன்னதில்லை. ஆனால் மாடிப்படி இறங்கும்போதெல்லாம் அவர் என் இடது பக்கத்தில் வந்து சேர்ந்துகொள்வதைக் கவனித்தேன். ஒருநாள் சமையலறை வாசலில் கிடந்த கால் துடைக்கும் மிதியடி காணாமல் போனது. "பழசாயிடுச்சி, தூக்கிப் போட்டுட்டேன்," என்றார். அது புதியது.

சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் மூளை நரம்பு அறுவை மருத்துவர் ஒருவர் இருப்பதாகவும், தன் மாமனாரை அவர்தான் பார்த்தார் என்றும் நசீர் பாய் சொன்னார். பேருந்தில் போனோம். ஞாயிறுதோறும் நான் மிதித்த சாலை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த இளங்கோ, "இவ்ளோ தூரமா மிதிக்கற?" என்று கேட்டார். அதுவரை அவர் அந்தத் தூரத்தை யோசித்துப் பார்த்ததில்லை போலும்.

மருத்துவர் குறைவாகப் பேசுகிறவர். வரைபடத்தை வாங்கி விரலால் நகர்த்தி நகர்த்தி முதல் மாதத்திலிருந்து பார்த்தார்.

"இந்த நம்பர் எவ்வளவுங்கறது எனக்கு முக்கியமில்லம்மா. எந்தப் பக்கமா போயிட்டிருக்குங்கறதுதான் முக்கியம். இது ஒரே பக்கமா இறங்குது. படுங்க."

ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டினார். வலது கால் லேசாக உதறியது. இடது கால் அவரையே உதைப்பதுபோல எகிறியது. பலவீனமான கால் எப்படி இவ்வளவு வேகமாக எகிறும் என்று கேட்டேன். காலை அடக்கி ஆள்கிற கட்டளை மேலிருந்து வருகிறது, அது இறங்கிவரும் நரம்பு வழியில் எங்கோ நசுங்கினால் காலுக்கு வலுவும் குறையும், அடக்கமும் போய்விடும் என்றார். பாதத்தின் அடியில் சாவி முனையால் கீறினார். வலது கட்டைவிரல் கீழே மடங்கியது. இடது கட்டைவிரல் மேலே நிமிர்ந்தது; அப்படி நிமிரக் கூடாது என்று பிறகு தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. மறுபடி ஒருமுறை கீறிப் பார்த்தார்.

பிறகு இரண்டு சோதனைக் குழாயில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் வரவழைத்தார். கண்ணை மூடச் சொல்லிவிட்டுத் தொட்டார். "சூடா, சில்லா?" இடது காலில் எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னேன். வலது காலில் எனக்குத் தெரியவில்லை. ஏதோ தொடுகிறது என்பது தெரிந்தது. சூடா, குளிர்ச்சியா என்று தெரியவில்லை.

"வலது காலு நல்ல காலாச்சே சார்," என்றேன்.

"வலுவுக்கு அது நல்ல கால்தான்."

தண்டுவடத்தைப் பற்றி அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வகையில் எழுதுகிறேன். முதுகெலும்புக்குள் மூளையிலிருந்து இறங்கும் சுண்டுவிரல் தடிமனான நரம்புக் கற்றை அது. இடது காலை ஆட்டும் நரம்புகள் அதன் இடது பாதியில் இறங்குகின்றன. ஆனால் இடது பாதியில் மேலேறுகிற சூடும் வலியும் வலது காலுடையவை. அவை நுழைந்த சிறிது தூரத்திலேயே எதிர்ப்பக்கம் தாண்டிவிடும். ஆகையால் இடது பாதி நசுங்கினால் இடது காலில் வலு போகும், வலது காலில் சூடு தெரியாமல் போகும். பல மாதங்களாகக் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை வலது காலில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். வலது கணுக்காலில் ஒரு பழுப்புத் தழும்பு இருந்தது. எதனால் வந்தது என்று தெரியாமல் ஷூ கடித்தது என்று நினைத்திருந்தேன்.

முதுகு முழுவதற்கும் எம்ஆர்ஐ எடுத்தார்கள். குறுகிய குழாய்க்குள் படுத்திருந்தபோது வெளியே யாரோ தகரத்தைத் தட்டுவதுபோல ஓயாத சத்தம். கையில் ஏதோ மருந்தைச் செலுத்தினார்கள். கட்டி இருந்தால் அது படத்தில் வெளிச்சமாகத் தெரிவதற்காக. தெரிந்தது. தோள்பட்டை எலும்புகளின் நடுவே, யாரும் எனக்கு எடுத்துப் பார்த்திராத மேல்முதுகில், முந்திரிப் பருப்பு அளவுக்கு ஒன்று தண்டுவடத்தை இடப்புறமிருந்து வலப்புறமாக ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தண்டுவடம் அந்த இடத்தில் நாடாபோலத் தட்டையாகியிருந்தது. மெனிஞ்சியோமா என்றார். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறையிலிருந்து முளைக்கும் கட்டி. பெரும்பாலும் புற்றுநோய் இல்லை. பெண்களுக்குத்தான் கூடுதலாக வருகிறது. மெதுவாக வளரும். வலிக்காமலும் வளரும்.

"ஆபரேஷன் பண்ணலைன்னா?" இளங்கோ கேட்டார்.

"இந்தக் கால் போகும். அப்புறம் அந்தக் காலும் போகும். சிறுநீர், மலம் கட்டுப்பாடும் போகும். எப்போன்னு சொல்ல முடியாது. போகும்."

"பண்ணா?"

"பெரும்பாலும் நல்லா வரும். ஆனா நான் வேலை செய்யப் போற இடம் அந்தத் தண்டுவடத்து மேலதான். பண்றதுனாலயே கால் போனவங்களும் இருக்காங்க. அத மறைக்க மாட்டேன்."

இளங்கோ தலையசைத்தார். வெளியே வந்ததும் டீ குடிக்கலாமா என்று கேட்டார். குடித்தோம். என் டம்ளரில் சர்க்கரை போட்டுவிட்டார்கள். அவர் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை. நிவேதாவுக்கு எப்போது சொல்வது என்று மட்டும் பேசினோம். தேர்வு முடியட்டும் என்றார். அப்படியே செய்தோம். அதற்காக அவள் எங்களை இன்னும் மன்னிக்கவில்லை.

அறுவைக்கு முன் சேர்த்துவிட்டார்கள். பெண்கள் வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் மல்லிகா அக்கா இருந்தாள். தேவனாம்பட்டினத்துக்காரி. கூடையில் மீன் சுமந்து கடலூரில் தெருத்தெருவாக விற்றவள். அவளுடைய இரண்டு கால்களும் அவளுடையவை இல்லை என்பதுபோல அசையாமல் கிடந்தன. முதுகெலும்பில் காசநோய் என்றார்கள். காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதில்லை, எலும்பிலும் வரும். எலும்பை அரித்து, சீழ் கட்டி, தண்டுவடத்தை அழுத்தும். அவளுக்குச் சீழை எடுத்துவிட்டு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கால் வருமா என்று கேட்டால் வரலாம் என்பார்கள்.

"நீ நடந்துதான வந்த?" என்று என்னைக் கேட்டாள். "பின்ன எதுக்கு அறுக்கறாங்க?"

பெடல் கதையைச் சொன்னேன். கூர்ந்து கேட்டாள்.

"எனக்கும் செருப்பு கழண்டுது," என்றாள். "காலு வரமாட்டேங்குது, காலு வரமாட்டேங்குதுன்னு எங்க வூட்ல சொல்லிகிட்டே இருந்தேன். கூடை தூக்கற ஒடம்பு, அப்டிதான் இருக்கும்னாங்க. டாக்டர்கிட்ட போனா ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. நீ சொன்னதும் நம்பிட்டாங்களா?"

"மொதல்ல நம்பல. நம்பரக் காட்டினேன்."

"நம்பரு," என்றாள். மின்விசிறிப் பக்கம் பார்வையைத் திருப்பினாள். பிறகு, "அந்தத் தண்ணி பாட்டல எடு," என்றாள்.

அவள் குரலில் குறைப்பட்டுக்கொள்கிற தொனி இல்லை. எனக்குத்தான் அதன்பிறகு பெடலைப் பற்றிப் பேச நா எழவில்லை.

நசீர் பாய் பரங்கிப்பேட்டையிலிருந்து சைக்கிளிலேயே வருவார். அவர் மனைவி ரஹீமா செய்து கொடுத்த கஞ்சித் தூக்கு கைப்பிடியில் தொங்கும். மல்லிகா அக்காவுக்கும் சேர்த்துத்தான் வரும். மருத்துவமனைச் செலவைப் பற்றி அவரும் இளங்கோவும் வெளித் தாழ்வாரத்தில் தணிந்த குரலில் பேசுவார்கள். நான் போனால் கிரிக்கெட் பேசுவார்கள். அரசு ஊழியர் காப்பீடு ஒரு பகுதியை ஏற்றது. மீதிக்கு இளங்கோ என்ன செய்தார் என்று நான் கேட்டபோது, "எந்திரிச்சி நட, அப்புறம் சொல்றேன்," என்றார்.

அறுவைக்கு முந்தின பிற்பகல் கையெழுத்து வாங்க வந்தார்கள். கால் செயலிழப்பு என்ற வரியும் அதில் இருந்தது. நான் போட்டேன். சாட்சியாக இளங்கோ போட வேண்டும். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். செவிலியர் நின்றுகொண்டிருந்தார். "போடுங்க," என்றேன். போட்டுவிட்டு, சீப்பை எடுத்து என் தலையைப் பின்னத் தொடங்கினார். அவருக்குப் பின்னத் தெரியாது. முடியை மூன்று காலாகப் பிரித்து, இரண்டை முறுக்கி, ஒன்றை வெளியே விட்டுவிட்டார். மல்லிகா அக்கா படுத்தபடியே சொல்லிக்கொடுத்தாள். "நடுவுல இருக்கறத மேல போடு தம்பி. அத்த இல்ல, அந்தாண்ட." எனக்குப் பயம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அது மூச்சில் இருந்தது. முழு மூச்சு இழுக்க வரவில்லை. பின்னல் முடியும்வரை அரை மூச்சாகவே விட்டுக்கொண்டிருந்தேன்.

கண் விழித்தபோது மல்லாந்து கிடந்தேன். தொண்டை வறண்டிருந்தது. மருத்துவரின் குரல் கேட்டது.

"வலது கால் கட்டைவிரல ஆட்டுங்க."

ஆட்டினேன்.

"இடது."

ஆட்டினேன். ஆட்டியதாக நினைத்தேன்.

"இடதும்மா. முயற்சி பண்ணுங்க."

"ஆட்டறேனே சார்."

அவர் போர்வையை மூடிவிட்டார்.

கட்டி முழுவதும் எடுத்தாயிற்று, தண்டுவடம் வீங்கியிருக்கிறது, வீக்கம் வடிந்தால்தான் தெரியும் என்று இளங்கோவிடம் சொல்லியிருந்தார்கள். அவர் அதை எனக்குச் சொல்லும்போது ஒவ்வொரு சொல்லையும் மனப்பாடம் செய்தவர்போலச் சொன்னார். நாட்கள் போயின. சிறுநீருக்குக் குழாய். இரண்டு பேர் சேர்ந்து என்னைப் பக்கவாட்டில் புரட்டுவார்கள். அறுவைக்கு நடந்து போனவள் நான். அந்த நினைப்பு ஓயாமல் வந்தது. விட்டிருந்தால் இன்னும் இரண்டு வருடம் மிதித்திருக்கலாமே என்றுகூட நினைத்தேன். தேர்வு முடிந்து நிவேதா வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்று அப்பாவைத் திட்டினாள், பிறகு என்னை. பிறகு என் இடது பாதத்தைக் கையில் எடுத்து விரல்களை ஒவ்வொன்றாக நீவத் தொடங்கினாள்.

"ஆட்டும்மா."

"வரலடி."

"வர்லன்னா பரவால்ல. ஆட்டற மாதிரி நெனச்சிகிட்டே இரு."

நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாளும் அப்படியே. ஒரு காலை இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் "அம்மா" என்றாள். நான் எதையும் உணரவில்லை. அவள் கைக்குள் ஏதோ அசைந்ததாம். மருத்துவரைக் கூப்பிட்டோம். அவர் வந்து, "இப்போ ஆட்டுங்க," என்றார். கட்டைவிரல் ஒரு நூல் அளவு மடங்கி நின்றது. பக்கத்துக் கட்டிலிலிருந்து மல்லிகா அக்கா, "வந்துருச்சா? வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வந்துவிட்டது என்று நிவேதா சொன்னதும், "தேவல, தேவல," என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கட்டியின் பரிசோதனை முடிவும் நல்லபடியாக வந்தது. புற்றுநோய் இல்லை. நடைச் சட்டத்தைப் பிடித்து நின்றேன். பிறகு தாழ்வாரம்வரை நடந்தேன். வீட்டுக்கு அனுப்பினார்கள். வருடத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபிறகு நடந்தது மெதுவானது, சொல்வதற்கு அதிகமில்லை. உடற்பயிற்சி, ஓய்வு, மறுபடி உடற்பயிற்சி. பின்சக்கரத்தைத் தாங்கியில் மாட்டி, ஓரிடத்தில் நின்றபடி சைக்கிள் மிதிக்க அனுமதி கிடைத்தபோது திரையில் 31-69 வந்தது. இடது கால் மிதிப்பதோடு சரி, மேலே எழும்போது தன்னைத் தூக்கிக்கொள்ளாமல் பெடலின்மேல் கிடந்தது. அதன் சுமையையும் வலது கால்தான் தூக்கியது. அந்தச் சுமை இடது காலின் கணக்கில் கழிவாக விழுந்தது. இதைப் புரிந்துகொண்டபிறகு அழுத்துவதை விட்டுவிட்டு, காலைத் தூக்கப் பழகினேன். 36 வந்தது. 40. ஒருநாள் குளிக்கும்போது வலது காலில் வெந்நீர் பட்டு அலறிவிட்டேன். இளங்கோ கதவைத் தட்டினார். "சுடுதுங்க," என்றேன். "சுடுதா?" என்றார்.

இப்போது 46-54இல் நிற்கிறது. இதற்கு மேல் வராமலும் போகலாம் என்று மருத்துவர் சொல்கிறார். இதே பெடல் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பதுண்டு, எனக்கு 47-53 காட்டுகிறதே, கட்டியா என்று. இல்லை. பெரும்பாலும் எதுவும் இருக்காது. ஓட்டத்துக்கு ஓட்டம் மேலும் கீழுமாக அலைகிற எண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். மாதக்கணக்கில் ஒரே பக்கமாக இறங்கினால், கால் தடுக்கினால், செருப்பு நழுவினால், முழு முதுகையும் சோதிக்கும் ஒருவரிடம் போங்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

சாலையில் ஓட்டத் தொடங்கியபின் முதலில் தேவனாம்பட்டினம் போனேன். கிட்டத்தில்தானே இருக்கிறது. மல்லிகா அக்கா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள். மாத்திரை இன்னும் சாப்பிடுகிறாளாம். இரண்டு காலிலும் விரல் ஆடுகிறது, சுவரைப் பிடித்தால் நிற்கிறாள், அடி வைக்க மட்டும் வரவில்லை என்றாள். மகன் கடலுக்குப் போயிருந்தான். சைக்கிளை ஒரு பார்வை பார்த்தாள். பெடல் எது என்று கேட்கவில்லை.

"நட, பாக்கறேன்," என்றாள்.

தெருமுனையில் இழுத்துப் போட்டிருந்த படகுவரை மணலில் நடந்து திரும்பி வந்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பாதங்களையே பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி."

மறுபடி நடந்தேன். திரும்பி வந்தபோது கருவாட்டுத் தட்டை ஓரமாக நகர்த்தியிருந்தாள்.

"இப்பிடி வா. முன்னாடி நில்லு. கெட்டியா நில்லு."

இரண்டு கையையும் என் தோள்மேல் போட்டு, ஒரே மூச்சில் எழுந்தாள். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. கூடை சுமந்த உடம்பு, கனமாக இருந்தாள். அந்தக் கனம் முழுவதும் என் இரண்டு கால்களிலும் இறங்கியது. எதில் எவ்வளவு என்று தெரியவில்லை. அவளுடைய வலது பாதம் மணலில் ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்தது. நாங்கள் இருவரும் குனிந்து அதைப் பார்த்தபடி நின்றோம்.